எந்த நாட்டில் என்ன மிஞ்சும்: சங்கரன்கோவில் வட்டாரத்தின் வெளிநாட்டுக் கணக்கு

சங்கரன்கோவில் வட்டாரத்தின் பொருளாதாரம் மூன்று கால்களில் நிற்கிறது. கிழக்கே திருவேங்கடம், குருவிகுளம் பக்கம் மானாவாரிக் கரிசல். மேற்கே மலையடிவாரத்தில் குளத்துப் பாசனமும் புளியங்குடி எலுமிச்சையும். நகருக்குள் விசைத்தறி. மூன்றுமே ஆளை ஊரில் உறுதியாக நிறுத்திவைக்காத தொழில்கள். மழை ஒரு பருவம் தவறினால் கரிசலில் வேலை இல்லை. நூல் விலை ஏறினால் தறி நிற்கும். எலுமிச்சை விலை ஒரே மாதத்தில் தலைகீழாகும். அதனால் இங்கிருந்து கடல் கடந்து போவது ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலான பழக்கம். முதலில் இலங்கை, பிறகு பர்மா, மலேயா, சிங்கப்பூர், 1970களிலிருந்து வளைகுடா, கடந்த முப்பது ஆண்டுகளில் அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, ஜெர்மனி என்று திசைகள் கூடிக்கொண்டே வந்திருக்கின்றன.

இந்த நாடுகளை ஒப்பிடும்போது ஊரில் முதலில் எழும் கேள்வி சம்பளம் பற்றியது. நியாயமான கேள்விதான், ஆனால் அது ஒன்றை வைத்து நாட்டைத் தேர்ந்தால் கணக்கு தவறிவிடும். போவதற்கான செலவை யார் சுமக்கிறார், அங்கே தங்கும் உரிமை யார் கையில் இருக்கிறது, வேலை முடிந்தபின் அந்த நாட்டில் எந்த உரிமை மிஞ்சும் என்ற மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மூன்றாவது கேள்வியே குறைவாகக் கேட்கப்படுகிறது. இந்த வட்டாரத்தின் வரலாற்றைப் பார்த்தால் குடும்பங்களின் கதியைத் தீர்மானித்ததும் அதுதான்.

கண்டிச்சீமை

பழைய திருநெல்வேலி மாவட்டத்தின் வறண்ட வட்டங்களிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் மக்கள் அதிகம் போன இடம் இலங்கையின் மலைநாடு, ஊர்வழக்கில் கண்டிச்சீமை. முதலில் காப்பித் தோட்டங்கள். 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் காப்பியை அழித்தபின் தேயிலை. போவது எளிதாக இருந்தது: கடல் குறுகியது, மொழிச் சிக்கல் இல்லை, ஆள் சேர்த்து அழைத்துப்போன கங்காணி பெரும்பாலும் சொந்த ஊர்க்காரர் அல்லது உறவினர். வழிச்செலவையும் அவரே கொடுத்தார். கோவில்பட்டி, மணியாச்சி வழியாகத் தூத்துக்குடி போகும் பாதையில் தட்டப்பாறையில் நோய்த் தடுப்பு முகாம் இருந்தது. பின்னர் அந்த வேலை மண்டபம் முகாமுக்கு மாறியது. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியதும் பயணம் இன்னும் சுருங்கியது.

வழிச்செலவைக் கங்காணி கொடுத்ததில்தான் சிக்கலும் இருந்தது. அந்த முன்பணம் தொழிலாளியின் பெயரில் கடனாக ஏறியது. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக விரும்பினால், கடனைக் குறிப்பிடும் துண்டு என்ற சீட்டு கூடவே போனது. புதிய தோட்டம் கடனை அடைத்து ஆளை எடுத்துக்கொள்ளும். கடன் அப்படியே நிற்கும். செலவில்லாமல் போன பயணத்தின் விலை இப்படி ஆண்டுக்கணக்கில் கழிந்தது.

இதைவிடப் பெரிய விலை இரண்டு மூன்று தலைமுறை கழித்து வந்தது. சுதந்திர இலங்கை 1948இல் இயற்றிய குடியுரிமைச் சட்டம், மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1949இல் வந்த தனிச் சட்டம், நீண்ட காலம் தொடர்ந்து வசித்ததற்கு ஆவணச் சான்று கேட்டது. தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்து லயத்திலேயே இறந்தவர்களிடம் அத்தகைய காகிதம் எங்கே இருக்கும்? விண்ணப்பித்தவர்களில் சிறு பகுதியினரே தேறினர். 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானபோது கணக்கில் இருந்தவர்கள் 9,75,000 பேர். அவர்களில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதாக முடிவானது. எஞ்சிய 1,50,000 பேரை 1974 ஒப்பந்தம் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பிரித்தது. சம்பந்தப்பட்ட மக்களை யாரும் கலந்து கேட்கவில்லை. நாடற்றோர் பிரச்சினைக்கு இலங்கை நாடாளுமன்றம் சட்டபூர்வ முடிவு கண்டது 2003இல்தான்.

திரும்பி வந்தவர்களுக்கு ஊர் என்பது தாத்தா சொன்ன ஒரு பெயர் மட்டுமே. நிலம் பங்காளிகளிடம் போயிருந்தது. அரசு அவர்களை நீலகிரியில் 1968இல் தொடங்கப்பட்ட தேயிலைத் தோட்டத் திட்டத்துக்கும், ஆரியங்காவுக் கணவாய்க்கு அப்பால் புனலூரில் அமைந்த ரப்பர் தோட்டத்துக்கும் அனுப்பியது. கடன் கொடுக்க 1969இல் ரெப்கோ வங்கி உருவானது. தோட்டத்திலிருந்து கிளம்பியவர்கள் மீண்டும் தோட்டத்தில்தான் இறங்கினார்கள்.

போக மிக எளிதாக இருந்த நாடுதான் இந்த வட்டாரத்துக்கு மிக அதிக இழப்பைக் கொடுத்தது. பர்மாவில் அது வேறு வடிவில் நடந்தது: 1942இல் போருக்கு அஞ்சி நடைப்பயணமாக ஓடியவர்கள், 1960களில் சொத்துக்கள் அரசுடைமையானபின் வெறுங்கையோடு கப்பலேறியவர்கள். இரண்டிலும் குறை உழைப்பில் இல்லை. தங்கியிருக்கும் நாடு தன்னை யாராகப் பதிவு செய்திருக்கிறது என்பதை உழைத்தவர்கள் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் அதை மாற்றும் வழி அவர்கள் கையில் இருக்கவில்லை.

கடையநல்லூரின் சிங்கப்பூர்

சங்கரன்கோவிலுக்குத் தென்மேற்கே உள்ள கடையநல்லூரின் அனுபவம் நேர் எதிரானது. நெசவும் விவசாயமும் நொடித்த காலங்களில் இவ்வூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் கிளம்பிய முஸ்லிம் குடும்பங்கள் சிங்கப்பூரில் துறைமுகத்தை ஒட்டிய தஞ்சோங் பகார் பகுதியில் குடியேறின. ஆண்கள் துறைமுக வேலைக்கும் சிறு வியாபாரத்துக்கும் போனார்கள். பெண்கள் மசாலா அரைத்து விற்றார்கள். அக்காலத்தில் சிங்கப்பூருக்குப் போன தமிழரில் பெரும்பாலோர் தனி ஆண்கள். குடும்பத்தோடு போனது கடையநல்லூர்க்காரர்களைத் தனித்துக் காட்டியது.

குடும்பத்தோடு போனதால் பள்ளி தேவைப்பட்டது. கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1946இல் உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியது. பின்னர் அது உயர்நிலைப் பள்ளியாகவும் வளர்ந்தது. அந்தப் பெயர் இன்றும் சிங்கப்பூரின் தமிழ் மொழி நிலையத்தில் நிற்கிறது. 1957இல் சிங்கப்பூரின் குடியுரிமைச் சட்டம், அங்கே நீண்ட காலம் வாழ்ந்த குடியேறிகளுக்குக் கதவைத் திறந்தது. இலங்கை மூடியதற்கும் சிங்கப்பூர் திறந்ததற்கும் இடையே ஒன்பது ஆண்டுகளே இடைவெளி. பக்கத்துப் பக்கத்து ஊர்களிலிருந்து, ஏறக்குறைய ஒரே காரணத்துக்காகப் போன இரண்டு கூட்டம். ஒன்றின் பேரன் நீலகிரியின் கூடலூர்த் தேயிலைக் காட்டில், இன்னொன்றின் பேரன் சிங்கப்பூரின் குடிமகன். இந்த வேறுபாட்டை உழைப்பாலோ கெட்டிக்காரத்தனத்தாலோ விளக்க முடியாது. இரு நாடுகளின் சட்டத்தைப் படித்தால்தான் விளங்கும்.

மலேசியா இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. 1938இல் இந்திய அரசு தோட்டத் தொழிலாளர் அனுப்புவதைத் தடை செய்யும்வரை போனவர்களில் பலருக்கு 1957க்குப் பிறகு குடியுரிமை கிடைத்தது. காகிதம் இல்லாமல் விடுபட்டவர்கள் சிவப்பு அடையாள அட்டையோடு, நிரந்தரவாசி என்ற நிலையிலேயே முதுமை அடைந்தார்கள்.

வளைகுடா: வரியில்லாச் சம்பளம், உரிமையில்லாத் தங்கல்

இன்று இவ்வட்டாரத்துக் கட்டுமானத் தொழிலாளி, ஓட்டுநர், எலக்ட்ரீசியன், கடை ஊழியர் ஆகியோருக்கு மிக அருகில் உள்ள வெளிநாடு வளைகுடாதான். திருவனந்தபுரத்திலிருந்தும் மதுரையிலிருந்தும் விமானம் இருக்கிறது. மலையாளம் கொஞ்சம் புரிந்தால் அங்கே பாதிச் சிக்கல் தீரும். செங்கோட்டைப் பக்கத்தாருக்கு அது எளிது. திருவனந்தபுரத்தின் வளர்ச்சி ஆய்வு மையத்தின் பங்கேற்போடு 2015இல் நடந்த தமிழ்நாடு புலம்பெயர்வு ஆய்வு, வெளிநாட்டில் வாழும் தமிழ்நாட்டினரை சுமார் 22 லட்சம் என்று மதிப்பிட்டது. தனி நாடாக சிங்கப்பூர் முதலிடத்தில் இருந்தது. அமீரகமும் சவூதி அரேபியாவும் அதை அடுத்து வந்தன. வளைகுடா நாடுகளை ஒன்றாகச் சேர்த்தால் அவையே முதலிடம்.

நன்மைகளைக் குறைத்துச் சொல்லக் கூடாது. வருமான வரி இல்லை. தங்குமிடம் பெரும்பாலும் நிறுவனத்தின் பொறுப்பு. பத்தாம் வகுப்பு தேறாதவருக்கும் வேலை உண்டு. அமீரகம் 2009இல் கொண்டுவந்த ஊதியப் பாதுகாப்பு முறை, சம்பளம் வங்கி வழியாகப் போகிறதா என்று அரசே பார்க்க வழி செய்தது. கத்தார் 2020இல் வேலை மாற முதலாளியின் ஒப்புதல் வேண்டும் என்ற விதியை நீக்கி, 2021 மார்ச் முதல் மாதம் 1,000 ரியால் குறைந்தபட்ச ஊதியமும், உறைவிடமும் உணவும் தராத இடத்தில் அவற்றுக்குத் தனித்தொகையும் நிர்ணயித்தது.

ஆனால் தொழிலாளியை முதலாளியின் பொறுப்பில் கட்டிவைக்கும் கஃபீல் முறை தளர்ந்திருக்கிறதே தவிர, அதன் அடிப்படை மறையவில்லை. இகாமா எனும் வசிப்பு அனுமதி முதலாளியின் பெயரோடு கட்டப்பட்டது. வேலை போனால் சில மாதத்துக்குள் வேறு வேலை தேட வேண்டும், இல்லையேல் கிளம்ப வேண்டும். எத்தனை ஆண்டு உழைத்தாலும் சாதாரணத் தொழிலாளிக்குக் குடியுரிமை கிடையாது, ஓய்வூதியமும் கிடையாது. கையில் கிடைப்பது பணிக்கொடை. அமீரகச் சட்டப்படி முதல் ஐந்தாண்டுக்கு ஆண்டுக்கு 21 நாள், அதற்கு மேல் ஆண்டுக்கு 30 நாள் அடிப்படைச் சம்பளம். பத்தாண்டு வேலை செய்தவருக்கு 255 நாள் சம்பளம், அதாவது ஏறக்குறைய எட்டரை மாதம். அதுவும் படிகள் சேராத அடிப்படைச் சம்பளத்தில். ஒப்பந்தத்தில் அந்தத் தொகை சிறியதாக எழுதப்பட்டிருந்தால் பணிக்கொடையும் சிறுத்துவிடும். கையெழுத்திடும் முன் மொத்தச் சம்பளத்தை மட்டும் பார்ப்பவர் இதைப் பத்தாண்டு கழித்துத்தான் உணர்கிறார்.

குடும்பத்தை அழைத்துக்கொள்வது சம்பளத்தைப் பொறுத்தது. அமீரகத்தில் மாதம் 4,000 திர்ஹம், அல்லது வீட்டோடு 3,000 திர்ஹம் வாங்குபவர் மனைவி மக்களுக்கு விசா எடுக்கலாம். சவூதியில் 2017இல் தொடங்கிய சார்ந்தோர் கட்டணம், 2020 ஜூலை முதல் ஆளுக்கு மாதம் 400 ரியால். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் என்றால் மாதம் 1,200 ரியால் அதற்கே போகும். அந்தக் கட்டணம் வந்தபின் பல குடும்பங்கள் ஊருக்குத் திரும்ப, ஆண்கள் மட்டும் அங்கே தங்கினர்.

உயிர் ஆபத்தையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். 2024 ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர் குடியிருப்பு தீப்பிடித்தபோது இறந்தவர்களில் 45 பேர் இந்தியர். அவர்களில் எழுவர் தமிழ்நாட்டினர். நெருக்கி அடைத்த கட்டடத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். நிறுவனம் தரும் இலவசத் தங்குமிடம் எப்படிப்பட்டது என்று விசாரிப்பது சம்பளத்தை விசாரிப்பதைப் போலவே முக்கியம்.

போகும் செலவு

வளைகுடாவும் சிங்கப்பூரும் லாபமா நட்டமா என்பதைப் பெரும்பாலும் ஏஜெண்ட் கட்டணமே முடிவு செய்கிறது. இந்தியச் சட்டப்படி பதிவுபெற்ற ஆட்சேர்ப்பு முகவர் ஒருவரிடம் வாங்கத்தக்க உச்சத் தொகை 30,000 ரூபாயும் அதன் மீதான ஜி.எஸ்.டி.யும். நடைமுறையில் பதிவில்லாத உள்ளூர்த் தரகர்கள் இதைப் பல மடங்காக்குகிறார்கள். அந்தப் பணம் நகைக்கடனிலிருந்தும் வட்டிக்கு விடுபவரிடமிருந்தும் வருகிறது.

ஓர் எடுத்துக்காட்டு: ஒருவர் ஒன்றரை லட்சத்தை மூணு வட்டிக்கு, அதாவது நூறு ரூபாய்க்கு மாதம் மூன்று ரூபாய் வீதம் வாங்கிப் போகிறார். மாதம் 15,000 ரூபாய் ஊருக்கு அனுப்ப முடிகிறது. முதல் மாதம் 4,500 ரூபாய் வட்டிக்கே போய்விடும். அனுப்பியது முழுவதையும் கடனுக்கே கட்டினாலும் அது தீர ஓராண்டு ஆகும். இரண்டாண்டு ஒப்பந்தத்தில் பாதி, தரகருக்கும் வட்டிக்காரருக்கும் உழைத்ததாக முடிகிறது. வீட்டுச் செலவுக்கும் சேர்த்து அனுப்பினால் இரண்டாண்டும் போதாது. அதே ஆள் சட்டப்படியான கட்டணத்தில் போயிருந்தால் மூன்றாம் மாத முடிவில் கடன் இருந்திருக்காது. இரண்டு நாடுகளின் சம்பள வேறுபாட்டைவிட இரண்டு தரகர்களின் கட்டண வேறுபாடு பெரிதாக இருப்பது இங்கே சாதாரணம்.

பத்தாம் வகுப்பு தேறாதவரின் கடவுச்சீட்டு இ.சி.ஆர். வகை. அது இருப்பவர் வளைகுடா, மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி பெற வேண்டும். பலர் இதைத் தொல்லை என்று நினைத்துச் சுற்றுலா விசாவில் போகிறார்கள். அந்த அனுமதிதான் ஒப்பந்தத்தைப் பதிவில் ஏற்றுகிறது. இரண்டாண்டுக்கு 275 ரூபாய் கட்டணத்தில் 10 லட்சம் ரூபாய்க் காப்பீட்டையும் சேர்த்துத் தருகிறது. தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு மனிதவள நிறுவனம் 1978 முதல் ஆட்களை நேரடியாக அனுப்புகிறது. செவிலியர் போன்ற பணிகளில் அதன் பங்கு தெளிவாகத் தெரிகிறது. கட்டுமானத் தொழிலாளியின் கண்ணில் அது இன்னும் போதிய அளவு படவில்லை. தென்காசி மாவட்டத்தில் வட்டத்துக்கு ஒரு நாள் முகாம் நடத்தினாலும் தரகர் கட்டணத்தில் மாற்றம் வரும்.

இன்றைய சிங்கப்பூரும் மலேசியாவும்

தாத்தா காலத்துச் சிங்கப்பூரை மனத்தில் வைத்து இன்று போகிறவர் ஏமாறுவார். இப்போது அங்கே அயல்நாட்டவர் மூன்று அடுக்குகளாகப் பிரிக்கப்படுகிறார்கள். கட்டுமானம், கப்பல் கட்டும் தளம் போன்றவற்றில் வேலை செய்பவருக்கு ஒர்க் பெர்மிட். நடுத்தரத் திறன் உள்ளவருக்கு எஸ் பாஸ். பொறியாளர், மேலாளர் போன்றோருக்கு எம்ப்ளாய்மெண்ட் பாஸ். 2025 தொடக்கத்திலிருந்து இதற்கு மாதம் குறைந்தது 5,600 வெள்ளிச் சம்பளம் வேண்டும். மனைவி மக்களை அழைக்க 6,000 வெள்ளி. ஒர்க் பெர்மிட்காரர் குடும்பத்தை அழைக்க முடியாது. சிங்கப்பூர்க் குடிமக்களையோ நிரந்தரவாசிகளையோ திருமணம் செய்ய அரசின் முன் அனுமதி வேண்டும். கடையநல்லூர்க் குடும்பங்களை நிலைநிறுத்திய அதே வழி, அவர்கள் பேரன் வயதுத் தொழிலாளிக்கு அடைபட்டிருக்கிறது.

ஆனாலும் சிங்கப்பூருக்கென்று சில உறுதிகள் உண்டு. தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று. மருத்துவமனையிலும் தொழிலாளர் அமைச்சகத்திலும் தமிழில் புகார் சொல்லலாம். வேலையில் காயம்பட்டால் இழப்பீட்டுச் சட்டம் பெர்மிட்காரரையும் உள்ளடக்கும். சம்பளப் பாக்கிக்குத் தீர்ப்பாயம் இருக்கிறது. திறன் சான்று பெற்றவருக்கு முதலாளி அரசுக்குக் கட்டும் லெவி குறைவு என்பதால், வேலையைக் கற்று முன்னேறுபவரைத் தக்கவைத்துக்கொள்ள முதலாளிக்கே ஆதாயம் உண்டு. எலக்ட்ரீசியனாகவோ வெல்டராகவோ போய் எஸ் பாஸுக்கு உயர்பவர்கள் இருக்கிறார்கள். 2020இல் கொரோனா தங்குவிடுதிகளில் பரவியபோது தொழிலாளர்கள் மாதக்கணக்கில் வெளியே விடப்படாமல் இருந்ததும், அதன்பின் புதிய விடுதிகளுக்கு அறை அளவு, ஆள் எண்ணிக்கை விதிகள் இறுக்கப்பட்டதும் இந்த நாட்டின் இரு முகங்கள்.

மலேசியா பற்றி எச்சரிக்கையே அதிகம் தேவை. 2023 டிசம்பர் முதல் இந்தியருக்கு விசா இல்லாமல் நுழைவு கிடைக்கிறது. இதைக் காட்டி உணவகத்திலும் முடிதிருத்தகத்திலும் வேலை என்று அழைத்துப் போகும் தரகர்கள் இருக்கிறார்கள். அந்த நுழைவில் வேலை செய்வது குற்றம். 30 நாள் கழிந்ததும் அந்த ஆள் சட்டவிரோதக் குடியேறி; சம்பளம் கேட்கவும் அவருக்குத் தைரியம் இருக்காது. உறவினர் அங்கே கடை வைத்திருந்தாலும், பெர்மிட் கையில் வராமல் கிளம்புவது தகாது.

மேற்கு நாடுகள்: கதவும் வரிசையும்

பட்டதாரிப் பிள்ளைகள் பார்க்கும் நாடுகளில் அமெரிக்காவின் சம்பளமே உயர்ந்தது. அங்கே தங்கும் உரிமைதான் இந்தியருக்கு மிக மெதுவாகக் கிடைக்கிறது. வேலைவாய்ப்பு வழியில் ஆண்டுக்குச் சுமார் 1,40,000 பச்சை அட்டைகள், அதாவது நிரந்தர வசிப்பு அனுமதிகள். குடும்பத்தினரும் இதற்குள் அடக்கம். எந்த ஒரு நாட்டுக்கும் ஏழு விழுக்காட்டுக்கு மேல் இல்லை என்பது பொதுவிதி. பிற நாட்டார் விட்டுவைத்த மிச்சத்தையும் சேர்த்தாலும் இந்தியரின் வரிசை பத்தாண்டுக்கு மேல் பின்தங்கியிருக்கிறது. இப்போது சேர்பவருக்கு அது இன்னும் பல மடங்கு நீளும். அந்தக் காத்திருப்பில் பிள்ளைக்கு 21 வயதானால் பெற்றோரின் விண்ணப்பத்திலிருந்து விழுந்துவிடும். அங்கேயே வளர்ந்த பிள்ளை தனக்கென்று விசா தேட வேண்டும். 2025 செப்டம்பரில் எச்-1பி எனும் வேலை விசாவின் புதிய மனுக்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் அறிவிக்கப்பட்டது. ஒரே அறிவிப்பில் ஒரு தலைமுறையின் திட்டம் மாறியது. வேலை போனால் 60 நாள் அவகாசம். மருத்துவக் காப்பீடும் பெரும்பாலும் அந்த வேலையோடு போகும். எச்-1பியில் இருப்பவரின் நிலை, சம்பளத்தை ஒதுக்கிப் பார்த்தால், இகாமாக்காரரின் நிலைக்கு எண்ணியதைவிட நெருக்கமானது.

கனடாவும் ஆஸ்திரேலியாவும் வேறு முறையைக் கொண்டவை. வயது, படிப்பு, மொழித்தேர்வு, அனுபவம் ஆகியவற்றுக்குப் புள்ளி கொடுத்து, சிலரை வந்திறங்கும்போதே நிரந்தரவாசியாக்குகின்றன. கனடாவில் ஐந்தாண்டுக்குள் 1,095 நாள் வசித்தால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். முதலாளி யாராக இருந்தாலும் தங்கும் உரிமை தன்னுடையது என்பதுதான் இதன் பெரிய வலு. குறை முதல் சில ஆண்டுகளில் தெரியும்: இங்கே வாங்கிய பட்டத்தை அங்கே உரிமம் தரும் அமைப்புகள் அப்படியே ஏற்பதில்லை. மருந்தாளர், ஆசிரியர், செவிலியர் எல்லோரும் மறுபடி தேர்வெழுத வேண்டும். டொராண்டோ, வான்கூவர் வீட்டு வாடகை சேமிப்பைத் தின்றுவிடும். படிப்பு விசாவில் போய்ப் பிறகு நிலைபெறலாம் என்ற வழியும் 2024 ஜனவரியில் கனடா மாணவர் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு கொண்டுவந்தபின் குறுகிவிட்டது. நிலத்தை அடகு வைத்துச் சாதாரணக் கல்லூரியில் ஒரு டிப்ளமாவுக்குப் பிள்ளையை அனுப்புவது இன்று மிக ஆபத்தான முதலீடு.

பிரிட்டன் இந்த நிலையாமையின் தெளிவான பாடம். பராமரிப்புப் பணியாளருக்கு 2022இல் விசா திறந்தது. 2024 மார்ச்சில் அவர்கள் குடும்பத்தை அழைப்பது தடுக்கப்பட்டது. 2025 ஜூலையில் வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதே நின்றது. அதே ஆண்டு மே மாத வெள்ளை அறிக்கை, நிரந்தரக் குடியிருப்புக்கான காத்திருப்பை ஐந்திலிருந்து பத்தாண்டாக்கும் யோசனையை முன்வைத்தது. மூன்றரை ஆண்டுக்குள் கதவு திறந்து மூடியதில், கடன் வாங்கித் தாமதமாகக் கிளம்பியவர்களே அடிபட்டார்கள்.

சங்கரன்கோவில் போன்ற ஊரின் நடுத்தரக் குடும்பத்துக்குப் போதிய அளவு கவனிக்கப்படாத நல்ல வாய்ப்பு ஜெர்மனி. அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை. முடக்குக் கணக்கு எனப்படும் வங்கி வைப்பில் ஓராண்டுச் செலவுக்காக 11,904 யூரோ காட்டினால் போதும், அந்தப் பணமும் மாணவருக்கே மாதந்தோறும் திரும்பும். செவிலியருக்கும் தொழிற்பயிற்சி பெற்றவருக்கும் தேவை இருக்கிறது. திறனாளருக்கான ஆண்டு விசா எண்ணிக்கையை இந்தியருக்கு 20,000இலிருந்து 90,000ஆக உயர்த்துவதாக 2024 அக்டோபரில் அறிவிப்பு வந்தது. 2024 ஜூன் முதல் ஐந்தாண்டு வசிப்பில் குடியுரிமை பெறலாம். ஒரே பெரிய தடை மொழி. செவிலியருக்கு பி2 நிலை ஜெர்மன் வேண்டும். அதற்கு ஓராண்டாவது முழுமூச்சாகப் படிக்க வேண்டும். பணத்தால் தாண்ட முடியாத, உழைப்பால் தாண்டக்கூடிய தடை இது. நிலம் இல்லாத குடும்பத்துப் பெண்ணுக்கு இதைவிட நியாயமான நுழைவாயில் வேறெங்கும் தற்போது இல்லை.

போகாமலிருப்பதையும் இந்த வரிசையில் ஒரு நாடாகவே வைத்து எண்ண வேண்டும். ஸோஹோ மென்பொருள் நிறுவனம் 2011இல் தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் தொடங்கியது. பள்ளிப் படிப்பு முடித்தவர்களுக்குப் பயிற்சி தந்து வேலைக்கு எடுக்கும் அதன் பள்ளியும் அங்கே நடக்கிறது. நகரச் சம்பளமும் மலையடிவார வாடகையும் சேர்ந்தால், பெங்களூரையும் டல்லாஸையும் பார்க்க வேண்டிய கட்டாயம் குறைகிறது. இத்தகைய வேலைகளின் எண்ணிக்கை மாவட்டத்தின் தேவைக்கு மிகச் சிறிது. விசைத்தறிக்காரரின் மகனுக்கும் மகளுக்கும் இது பரவ இன்னும் பல நிறுவனங்கள் வர வேண்டும்.

முதுமையும் நிலமும்

வெளிநாட்டு வாழ்வின் பலன் அறுபது வயதில் தெரியவரும். வளைகுடாவிலும் பெர்மிட்டில் சிங்கப்பூரிலும் உழைத்தவருக்கு அங்கே ஓய்வூதியம் இல்லை. சிங்கப்பூரின் மத்திய சேமநிதி குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே. ஆகவே அனுப்பும் பணத்தில் ஒரு பகுதியை முதல் மாதத்திலிருந்தே தன் பெயரில் ஒதுக்காதவர், மாடி வீடு கட்டி முடித்து மருந்துக்குப் பிள்ளை கையை எதிர்பார்க்கிறார். அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியத்துக்கு ஏறக்குறைய பத்தாண்டு பங்களிப்பு வேண்டும். இந்தியாவோடு அமெரிக்காவுக்கு இதில் ஒப்பந்தம் இல்லாததால் எட்டாம் ஆண்டில் திரும்புபவரின் பங்களிப்பு வீணாகிறது. ஜெர்மனி, கனடா, ஆஸ்திரேலியா ஆகியவற்றோடு இந்தியா ஒப்பந்தம் செய்திருப்பதால் அங்கே இந்த இழப்பு குறைவு. கனடாவின் முதியோர் ஓய்வூதியத்தை வெளிநாட்டில் இருந்தபடி பெறப் பொதுவாக இருபதாண்டு வசிப்பு வேண்டும்.

குடியுரிமை வாங்குவதற்கும் ஒரு விலை உண்டு. இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. வேறு நாட்டின் குடியுரிமையை விரும்பிப் பெற்ற நொடியிலேயே இந்தியக் குடியுரிமை போய்விடும். வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்கு 2005 முதல் கிடைக்கும் ஓ.சி.ஐ. அட்டை காலவரையின்றி வந்து போகவும் வேலை செய்யவும் உதவும், வாக்குரிமை தராது. கரிசல் நாட்டாருக்கு அதைவிட முக்கியமான விதி நிலம் பற்றியது. ஓ.சி.ஐ. அட்டைக்காரர் வீடும் கடையும் வாங்கலாம். விவசாய நிலமோ தோட்டமோ பண்ணை வீடோ விலைக்கு வாங்க முடியாது. இந்தியக் குடியுரிமையோடு வெளிநாட்டில் வசிப்பவருக்கும் இதே தடைதான். பெற்றோரிடமிருந்து வாரிசாகப் பெறலாம். பெற்றதை விற்பதானால் இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகனுக்கே விற்கலாம்.

துபாயிலிருந்து பணம் அனுப்பிப் புளியங்குடிப் பக்கம் எலுமிச்சைத் தோட்டம் வாங்கும் பழக்கம் இதனால்தான் தம்பி பெயரிலும் மைத்துனர் பெயரிலும் நடக்கிறது. பிற்காலத்தில் நீதிமன்றம் போகும் வழக்குகளும் அங்கேதான் பிறக்கின்றன. தோட்டம் வேண்டும் என்று நினைப்பவருக்குச் சட்டப்படி இரண்டு வழிகள் உள்ளன: பெற்றோர் தம் பெயரில் வாங்கி உயில் எழுதிவைப்பது, அல்லது பணத்தை வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்.ஆர்.ஈ. வங்கிக் கணக்கில் வைத்திருந்து, இந்தியக் குடியுரிமையோடு நிரந்தரமாகத் திரும்பியபின் தானே வாங்குவது. கனடாவிலோ ஜெர்மனியிலோ குடியுரிமை எடுக்கப்போகிறவருக்கு இரண்டாவது வழி அடைபட்டுவிடும். விண்ணப்பம் போடுவதற்கு முன்பே பெற்றோரோடும் உடன்பிறந்தாரோடும் உட்கார்ந்து பட்டா, பத்திரம், உயில் ஆகியவற்றை அவர் நேர் செய்துகொள்ள வேண்டும்.